கருப்பட்டி ஏன் கடித்தது

"தலைய ஆட்டாத ரதி" என்கிறாள் அலங்காரம் செய்ய வந்திருக்கும் ஜெனிட்டா அக்கா. நான் எங்கே ஆட்டினேன், அவள்தான் சீப்பைப் போட்டு இழுக்கிறாள், இழுக்கிற இழுப்பில் கண்ணோரம் தண்ணீர் கோத்துக்கொள்கிறது, அம்மா பார்த்தால் பிள்ளை அழுகிறது என்று நினைப்பாள், நினைக்கட்டும். பீரோக் கண்ணாடியில் என் முகம் பாதிதான் தெரிகிறது. மீதிப் பாதியில் அம்மா எடுத்து எடுத்து ஒட்டிவைத்த ஸ்டிக்கர் பொட்டுகள். கட்டில் மேல் பட்டுச்சேலை, ஈரத்துணி போட்டு மூடிய பிச்சிப்பூப் பந்து, ஜெனிட்டா அக்காவின் டப்பாக்கள். வெயில் தாழ்ந்ததும் மாப்பிள்ளை வீட்டார் வந்துவிடுவார்கள், தட்டு மாற்றிவிடுவார்கள். அதற்குள் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும். எப்படி ஆரம்பிப்பது. அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வேண்டாம், அப்படி ஆரம்பித்தால் பதறிவிடுவார். அப்பா, கருப்பட்டி அன்னைக்கு சும்மா கடிக்கல. ஆமாம், கருப்பட்டியை வைத்துத்தான் ஆரம்பிக்க வேண்டும், கருப்பட்டி பேரைச் சொன்னால் அப்பா காது கொடுப்பார், என்னைவிட அதன் மேல்தான் அவருக்குப் பிரியம் என்று அம்மாவே சொல்வாளே. அப்பா, கருப்பட்டி சும்மா கடிக்கல. அப்புறம். அப்புறம் கையைக் காட்டினால் போதும். அப்பாவுக்குத் தெரிந்தால் இது நடக்காது. அப்பாவுக்குத் தெரியாது, அதனால்தான் நடந்துகொண்டிருக்கிறது.

கருப்பட்டி எங்கள் வீட்டு நாய். வீட்டில் இருந்த நாய் என்று சொல்ல வேண்டுமோ இப்போது. அப்பா பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர், ஒரு மழைக்காலத்தில் நீளம் தாண்டுகிற மணல் குழியில் கிடந்தது என்று துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். உடன்குடிக் கருப்பட்டியை உடைத்துப்போட்ட மாதிரி ஒரு நிறம். "இத வச்சிக்கிட்டு நான் என்ன செய்ய" என்று அம்மா கத்தினாள், கத்திக்கொண்டே பாலும் ஊற்றினாள். அது வளர்ந்தது. வளர்ந்தது என்றால், எங்கள் மூன்று பேரையும் எண்ணி எடுத்துத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டது, அப்படித்தான் எனக்குத் தோன்றும். ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை முடிந்து நான் பஸ்ஸைவிட்டு இறங்கினால் தெருமுனையில் நிற்கும். வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து மேலே விழுகிற நாய் இல்லை அது, ஒரு பார்வை பார்க்கும், முன்னால் நடக்கும், கேட்டுக்குள் நான் நுழைந்த பிறகுதான் தண்ணீர் குடிக்கும். எனக்கு டெங்கு வந்தபோது கட்டிலுக்கு அடியில் கிடந்தது, சோறு வைத்தால் முகர்ந்துவிட்டுத் திரும்பவும் போய்ப் படுத்துக்கொண்டது. அம்மா கோபத்தில் என் மேல் கையை ஓங்கினால் நடுவில் வந்து நிற்கும். குரைக்காது, உறுமாது. நிற்கும், அவ்வளவுதான். "ஏட்டி, இது நாயா, இல்ல உனக்கு வக்கீலா" என்று அம்மாவுக்கே சிரிப்பு வந்து ஓங்கின கை கீழே வந்துவிடும். ஆனால் அப்பா கழுத்தில் தொங்குகிற விசிலை எடுத்து ஒரு ஊது ஊதினால், எங்கே கிடந்தாலும், எந்தச் சோற்றில் வாய் வைத்திருந்தாலும், ஓடிவரும். நானும் அம்மாவும் அதற்கு வீடு. அப்பாதான் அதற்குச் சாமி.

"வலது கையக் காட்டு, மெகந்திக்கு மேல கொஞ்சம் பவுண்டேஷன் போட்டுருவோம். இது என்னது?" ஜெனிட்டா அக்கா என் மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கிறாள். நான் வாயைத் திறக்கும் முன்னே வாசலில் நின்ற அம்மா சொல்லிவிட்டாள். "அந்த நாயிதான். சங்கிலியக் கையில சுத்திப் புடிச்சிருந்தா, அது இழுத்த இழுப்புல கன்னிப்போச்சு." எவ்வளவு வேகமாக வருகிறது அம்மாவுக்கு. யோசிக்கக்கூட இல்லை. அக்கா உச்சுக்கொட்டி, மஞ்சள் களிம்பு மாதிரி எதையோ எடுத்துத் தடவுகிறாள், குளிர்ச்சியாக இருக்கிறது. எனக்குத் தெரியும் இந்த நிறம். லேப்பில் தினமும் பார்க்கிற நிறம்தானே. முதலில் சிவப்பு, அப்புறம் நாவல்பழ நிறம், அப்புறம் பச்சை, கடைசியில் பழுத்த இலை மாதிரி ஒரு மஞ்சள், அதுவும் போய்விட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி தோல் தோலாகிவிடும். இப்போது பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவில் நிற்கிறது. அதுவும் போவதற்குள் அப்பாவிடம் காட்டியாக வேண்டும், இதோ அதையும் பூசி மறைக்கிறாள் அக்கா. நாலு விரல் ஒரு பக்கம், கட்டைவிரல் மறுபக்கம். சங்கிலிக்குக் கட்டைவிரல் உண்டா அம்மா. கேட்கவில்லை. அம்மா போய்விட்டாள், அடுப்படியில் கேசரி கிண்டுகிற வாசனை வருகிறது, யாருக்கோ போனில் "ஆமா மைனி, நல்ல எடம், நல்ல பையன், ஒரு கெட்ட பழக்கம் கெடையாது" என்று சொல்வது கேட்கிறது.

நல்ல பையன். சுயம்புராஜன். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, நெற்றியில் சந்தனக்கீற்று, பெரியவர்களைப் பார்த்தால் குனிந்து கும்பிடுவான். பூ வைக்க வந்த அன்றைக்கு அவன் அம்மா என் தலையில் பூவை வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் பின்னால போயி பேசிட்டு வாங்களேன், நாங்க காப்பி குடிக்கோம்" என்றாள். பின்னால் என்றால் துவைக்கிற கல், முருங்கை மரம், மரத்தில் கட்டிப்போட்ட கருப்பட்டி. விருந்தாட்கள் வந்தால் கட்டிப்போடுவோம், அதுவும் தலையை நீட்டிக் கொடுத்துக்கொள்ளும். முதலில் எல்லாம் நன்றாகத்தான் பேசினான். என்ன படம் பிடிக்கும், சென்னைக்கு வந்ததுண்டா. அப்போது என் போன் அடித்தது, லேப்பிலிருந்து முகுந்தன், ஏதோ ரிப்போர்ட் எங்கே என்று கேட்க. எடுக்காமல் அணைத்தேன். "யாரு?" லேப்பில் கூட வேலை பார்க்கிறவர் என்றேன். "போனக் குடு, பாக்கேன்." எதுக்கு என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன். அவன் சிரித்துக்கொண்டே என் மணிக்கட்டைப் பிடித்தான். ஊசி குத்த நரம்பு தேடி எத்தனையோ பேர் கையைப் பிடித்திருக்கிறேன், பயந்த கை, முரட்டுக் கை, காய்ச்சல் கை. பிடிக்கிற பிடியில் ஒரு ஆள் தெரிந்துவிடும், அப்படித் தெரிந்தது எனக்கு. "விடுங்க, வலிக்குது." அவன் முகத்தில் சிரிப்பு மாறவில்லை. துணி பிழிகிற மாதிரி முறுக்கினான். "வலிக்கட்டும். இப்பவே பழகிக்கோ" என்றான், ரகசியம் சொல்கிற மாதிரி மெதுவாக. அந்த மெதுவைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. கத்தியிருந்தால்கூடக் கோபக்காரன் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். உள்ளே ஹாலில் தம்ளர் வைக்கிற சத்தம் கேட்டது, யாரோ சிரித்தார்கள். நான் ஏன் கத்தவில்லை. கத்தினால் விருந்தாட்கள் என்ன நினைப்பார்கள் என்றா. அந்த நேரத்திலும் அதையா நினைத்தேன்.

கருப்பட்டி முதலில் எழுந்து நின்றது. உறுமியது. அது உறுமி நான் கேட்டதே இல்லை, முதலில் பக்கத்துத் தெருவில் லாரி போகிறது என்று நினைத்தேன். "ச்சீ, போ" என்றான் அவன், கையை விடாமல். அது இரண்டாவது தரம் உறுமியது. எச்சரிக்கை கொடுத்தது, யாரும் இதைச் சொல்வதில்லை, அது இரண்டு தரம் எச்சரிக்கை கொடுத்தது. மூன்றாவதாகக் கழுத்துப்பட்டை அறுந்தது, அவன் முன்கையைக் கவ்வியது. கவ்விப் பிடித்துக்கொண்டு நின்றது, குதறவில்லை, உலுக்கவில்லை. அவன் என் கையை விட்டான். அவன் விட்டதும் அதுவும் விட்டது. இதைத்தான் அப்பாவிடம் சொல்ல வேண்டும். அவன் விட்டதும் அதுவும் விட்டது அப்பா. விட்டுவிட்டு வந்து என் முன்னால் நின்றுகொண்டது, முதுகை என் காலோடு ஒட்டிக்கொண்டு, அதன் விலா ஏறி இறங்குவது என் முட்டியில் தெரிந்தது. அப்புறம்தான் எல்லாரும் ஓடிவந்தார்கள். ஐயோ ரத்தம் என்று அவன் அம்மா. அவன் சொன்னான், "சும்மா தடவிக்குடுக்கப் போனேன் அத்த, பாஞ்சிருச்சு." அத்தை என்று எங்கள் அம்மாவை. அவ்வளவு அழகாகச் சொன்னான், ஒரு நொடி எனக்கே சந்தேகம் வந்தது, தடவிக்கொடுக்கத்தான் போனானோ என்று. மாடியில் தண்ணீர்த் தொட்டி பார்க்கப் போயிருந்த அப்பா கடைசியில்தான் இறங்கி வந்தார். முகம் வெளுத்திருந்தது. கருப்பட்டி அவரைப் பார்த்து வாலை ஆட்டியது. வேலையை ஒழுங்காக முடித்த பிள்ளை வாத்தியாரைப் பார்க்கிற மாதிரி பார்த்தது. அப்பா அதைப் பார்க்கவில்லை.

அவர்கள் எல்லாரும் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு அம்மாவிடம் சொன்னேன். அம்மா தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள், கழுவுவதை நிறுத்தவில்லை. "கையப் புடிச்சானா? கட்டிக்கப் போறவன் கையப் புடிக்காம கால புடிப்பானா?" முறுக்கினான்மா, பாரு. பார்த்தாள். பார்த்தாள், அது எனக்குத் தெரியும், அவள் கண் அந்த இடத்தில் ஒரு நேரம் நின்றது. அப்புறம் தம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். "ஏற்கெனவே ஒண்ணு பூ வச்ச பெறகு முறிஞ்சிபோச்சு. இதுவும் முறிஞ்சா ஊர்ல உன்னையத்தான் கொற சொல்லுவாவ. ஆம்பளைக்கு மொதல்ல கோவம் வரும், போவப் போவ சரியாயிரும். அப்பாட்ட சொல்லிராத. அவ்வொ தாங்க மாட்டாவ, நெஞ்சப் புடிச்சிட்டு உக்காந்துருவாவ." நான் சொல்லவில்லை. அப்பாவுக்காகத்தான் சொல்லவில்லை. அப்பா தாங்க மாட்டார் என்பதை நான் நம்பினேன், அதை நம்புவதில் ஒரு ஆறுதல்கூட இருந்தது. எனக்காகத் தாங்க முடியாமல் போகிற ஒரு ஆள் வீட்டில் இருக்கிறார் என்று. மறுநாள் அவன் அம்மாவிடமிருந்து போன். நாய் இருக்கிற வீட்டுக்கு எங்க பையன் எப்படி வந்துபோவான், நாயை அனுப்பிவிடுங்கள், மற்றதெல்லாம் பேசினபடி. அடுத்த நாள் காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அப்பா ஸ்கூட்டரை எடுத்துக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு விசிலை ஊதினார். முருங்கை மரத்தடியிலிருந்து அது பாய்ந்து வந்து முன்னால் கால் வைக்கிற பலகையில் ஏறி உட்கார்ந்தது. கடற்கரைக்குப் போகிறோம் என்று நினைத்திருக்கும். தலையை நிமிர்த்திக்கொண்டு போனது. ஸ்ரீவைகுண்டத்தில் தன்னிடம் படித்த ஒருத்தன் வாழைத்தோட்டம் வைத்திருக்கிறான், அங்கே விட்டிருக்கிறேன், வாய்க்கால் தண்ணீர், ஓடியாட இடம், ராஜா மாதிரி இருக்கும் என்று வந்து சொன்னார். போட்டோ அனுப்பச் சொல்லுங்கப்பா என்றேன். அவன் போனில் கேமரா சரியில்லையாம். சரி என்று விட்டேன். வாழை நிழலில் அது படுத்திருப்பதை நானே ஒரு போட்டோ மாதிரி மனசுக்குள் எடுத்து வைத்துக்கொண்டேன், தூக்கம் வராதபோது எடுத்துப் பார்ப்பேன்.

"ஆமா, அந்த நாயிதானே, செவலையும் கருப்புமா, ஒரு காது மடங்கி?" ஜெனிட்டா அக்கா டப்பாவிலிருந்து ஹேர்பின்னை எடுத்து வாயில் கவ்விக்கொண்டு கேட்கிறாள். நான் ஆமாம் என்கிறேன். "நான் பாத்தேனே. எங்க வீடு முத்தையாபுரம்லா, உப்பளத்து ரோட்டுலதான் பஸ்ஸுக்கு நிப்பேன். ஒங்க அப்பா ஸ்கூட்டர நிறுத்தி எறக்கிவிட்டாவ, பிஸ்கட்டுப் பொட்டலத்தப் பிரிச்சிக் கொட்டிட்டு, அது திங்கயிலே வண்டிய எடுத்துட்டாவ. அது பிஸ்கட்ட விட்டுட்டு பின்னாலயே ஓடுச்சி பாரு, பாவமா இருந்துச்சி. கடிநாய்னு அப்பத் தெரியாதுல்லா எனக்கு. இப்பமும் அங்கனதான் கெடக்கு, டீக்கடைகிட்ட. டிரைவர் யாராவது வடை போட்டா திங்கும். ஒரு ஸ்கூட்டரு போவக்கூடாது, எந்திச்சிப் பாக்கும்." அவள் இன்னும் ஏதோ சொல்கிறாள், பிச்சிப்பூவை எங்கே வைப்பது, ஜடை பில்லை போதுமா என்று. என் காதில் ஸ்கூட்டரு போவக்கூடாது என்பதோடு நின்றுவிட்டது.

உப்பளம். அங்கே நிழல் ஏது. உப்பு அம்பாரத்தின் நிழல்தான், அதுவும் உச்சிக்கு வெயில் வந்தால் அதன் காலடிக்குள் போய்விடும். தண்ணீர். கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர்தான், பாத்தி பாத்தியாக, குடித்தால் நாக்கு வெந்துபோகிற தண்ணீர். முதல் நாள் அதைக் குடித்துப் பார்த்திருக்குமா. இல்லை, குடித்திருக்காது, நான் கேட்டுக்குள் நுழையாமல் அது தண்ணீர் குடிக்காதே. சீ, என்ன நினைக்கிறேன். வாழைத்தோட்டம் இல்லை. வாய்க்கால் இல்லை. அப்பாவிடம் படித்தவன் என்று ஒருத்தன் இல்லை, அவன் போனில் கேமரா சரியில்லை என்பது எவ்வளவு யோசித்துச் சொன்னது, அவனே இல்லை, இல்லாத ஒருத்தனின் போனுக்குக் கேமரா கெட்டுப்போயிருக்கிறது. நான் அந்த வாழை நிழலை எத்தனை தரம் எடுத்துப் பார்த்தேன். பிஸ்கட் பொட்டலத்தைக் கடையில் நின்று வாங்கியிருக்கிறார் அப்பா. எந்தக் கடையில். என்ன பிஸ்கட் என்று கடைக்காரன் கேட்டிருப்பானே. கருப்பட்டிக்குப் பால் பிஸ்கட்தான் பிடிக்கும், அப்பாவுக்கு அது தெரியும், பிடித்ததைத்தான் வாங்கியிருப்பார். பிடித்ததைக் கொடுத்துத்தான் விட்டுவிட்டு வருவார்கள் போலிருக்கிறது. கட்டிலில் பட்டுச்சேலை கிடக்கிறது. எனக்குப் பிடித்த கத்திரிப்பூ நிறம். அப்பாதான் தேடி எடுத்துவந்தார். இல்லை, அப்படி நினைக்காதே, அப்பாவுக்குத் தெரியாது. நாய் சும்மா கடித்தது என்று நம்பியிருக்கிறார், மகள் கல்யாணம் என்று பயந்திருக்கிறார், என்னிடம் சொல்ல முடியாமல் ஒரு பொய், அவ்வளவுதான். தெரிந்தால் செய்திருக்க மாட்டார். தெரிந்தால் அவரே போய்த் தூக்கிக்கொண்டு வருவார்.

"என்ன, ரெடியாயாச்சா?" அப்பா வாசலில் நிற்கிறார். புது வேட்டி, வெள்ளைச் சட்டை. கழுத்தில் விசில் இல்லாமல் பார்த்தால் யாரோ மாதிரி இருக்கிறார். ஜெனிட்டா அக்கா ஒதுங்குகிறாள். ஜடை பாதிவரைதான் பின்னியிருக்கிறது, கீழே விரிந்து கிடக்கிறது. நான் நினைத்துவைத்த மாதிரி ஆரம்பிக்கவில்லை. வேறெதையோ கேட்டேன். "அப்பா, கருப்பட்டி எப்படி இருக்கு?" அவர் வாட்ச்சைப் பார்த்தார். "நல்லா இருக்கும்மா. நேத்துகூடப் பேசினேன். மீன் எல்லாம் போடுதானாம்." மீன். நான் கேட்கக்கூட இல்லையே, அவராக மீன் போடுகிறார். "உப்பளத்துல மீன் ஏதுப்பா?" ஒதுங்கி நின்ற ஜெனிட்டா அக்கா சீப்பைக் கீழே வைத்தாள். அப்பா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கட்டிலில் போய் உட்கார்ந்தார். சேலையின் மேலேயே உட்கார்ந்தார். நான் கையை நீட்டினேன். பக்கத்தில் கிடந்த ஈரத்துணியால் பவுண்டேஷனைத் துடைத்துவிட்டு நீட்டினேன். "எல்லாரும் நாய் கடிச்சிட்டு, நாய் கடிச்சிட்டுன்னு சொல்லுதாவ. அது ஏன் கடிச்சதுன்னு நீங்க என்கிட்ட ஒரு வார்த்த கேக்கவே இல்லயே அப்பா." இப்போது கேட்பார். இப்போது அந்த விரல் தடத்தைப் பார்த்து எழுந்திருப்பார், யார் செஞ்சதுன்னு சத்தம் போடுவார், அம்மா ஓடிவருவாள், எல்லாம் நிற்கும். அப்பா என் கையைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தெரியும்மா. நான் மாடியிலேருந்து பாத்தேன்."

பார்த்தேன். இந்த வார்த்தை எனக்குள் இறங்குவதற்கு நேரம் ஆயிற்று. மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே நேராகத் துவைக்கிற கல். அங்கே நின்றால் எல்லாம் தெரியும், என் உச்சந்தலையில் வைத்த பூ தெரியும், அவன் கை தெரியும். "எதுலேருந்து பாத்தீங்க?" என்று கேட்டேன், என் குரல் லேப்பில் பேர் வயசு கேட்கிற குரல் மாதிரி இருந்தது. "கையப் புடிக்கயிலேருந்து." "எறங்கி வரலாம்லா?" அவர் வேட்டிக் கரையை நீவினார். "ஒரு சத்தமாவது குடுத்துருக்கலாம்லா? விசிலு கழுத்துலதான கெடந்துச்சி?" "நம்ம நெலம அப்படிம்மா" என்றார். "ரெண்டாவது சம்பந்தம். உங்கம்மா அழுத அழுகைய நீ பாக்கல. சின்ன வயசுப் பையன், திருத்திரலாம்னு." திருத்திவிடலாம். கோணலாக ஓடுகிறவனைத் திருத்தி ஓடவைக்கிற வாத்தியார். எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. மாடிப்படி கண்ணில் நின்றது. இத்தனை படி. அப்பா இறங்காத படி. அந்த நேரத்தில் ஒரு நாய் தோல்பட்டையை அறுத்துக்கொண்டு வந்தது, கழுத்தில் ரத்தம் கட்டியிருந்தது, நான்தான் மஞ்சள் வைத்தேன். பார்த்த ஆள் மேலே நிற்க, கட்டிப்போட்ட நாய் வந்தது. அப்புறம் பார்த்த ஆளே அதைக் கொண்டுபோய், அதற்குப் பிடித்த பிஸ்கட்டைக் கொட்டி.

ஸ்கூட்டர் சாவி ஹாலில் டி.வி. மேல் கிடந்தது. எடுத்தேன். "எங்கட்டி போற, வந்துருவாவ" என்று அம்மா கேசரிக் கரண்டியோடு வந்தாள். நான் நின்று பதில் சொல்லியிருந்தால் போயிருக்க மாட்டேன். தெருமுனை திரும்பும்போது ஒரு வேன் எதிரே வந்தது, ஜன்னலில் தாம்பாளங்கள், முன்சீட்டில் சந்தனக்கீற்று. அவன் என்னைப் பார்த்துக் கையை நீட்டி ஏதோ சொன்னான், வாய் அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. பாதி ஜடை அவிழ்ந்து முதுகெல்லாம் அடித்தது. நைட்டி மேல் துப்பட்டா, கையில் மெகந்தி, பைபாஸில் லாரிக்காரர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். காற்றில் உப்பு. பிறந்ததிலிருந்து இந்தக் காற்றில்தான் இருக்கிறேன், இன்றைக்குத்தான் அது கண்ணை எரிக்கிறது என்று தெரிந்தது. செத்திருக்குமோ. அக்கா கடைசியாகப் பார்த்தது எப்போதோ. லாரிகள் இவ்வளவு வேகமாகப் போகிற ரோட்டில், ஒவ்வொரு ஸ்கூட்டருக்கும் எழுந்து போகிற நாய்.

டீக்கடைக்குப் பக்கத்தில் உப்பு மூட்டைகள் அடுக்கியிருந்தார்கள். அதன் ஓரத்தில் கிடந்தது. வண்டிச் சத்தம் கேட்டதும் எழுந்தது, நொண்டிக்கொண்டு வந்தது, பாதங்கள் வெடித்து வெள்ளை பூத்திருந்தன, விலா எலும்பை எண்ணலாம். நான் மண்டியிட்டுக் கையை விரித்தேன். வந்து என் உள்ளங்கையை முகர்ந்தது, மெகந்தி வாசனையில் கொஞ்சம் குழம்பியது, அப்புறம் கன்னத்தில் நக்கியது. கட்டிக்கொண்டேன். அதன் கழுத்து என் தோள் மேல் இருந்தது, அதன் கண் எனக்குப் பின்னால் எங்கேயோ இருந்தது. ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. இந்த வண்டி வந்தால் கூடவே வர வேண்டிய ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தது. "அவரு வரலடா" என்றேன். அதற்குப் புரியவில்லை. எனக்கு முதல் தடவையாக அழுகை வந்தது. டீக்கடைக்காரர் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, எதுவும் கேட்காமல் போனார்.

அவர் வந்தார். ஜெனிட்டா அக்காவின் ரோஸ் நிற வண்டியில், புது வேட்டி காற்றில் விரிய. கருப்பட்டி பார்த்தது. அடுத்த நொடி என் கையை உதறிக்கொண்டு, நொண்டுகிற காலோடு, அது ஓடின ஓட்டம். முனகிக்கொண்டே அவர் முட்டியில் ஏறியது, வேட்டியெல்லாம் உப்புச்சேறு, கையை நக்கியது, சுற்றிச்சுற்றி வந்தது, உடம்பே வாலாகிவிட்ட மாதிரி ஆடியது. பிஸ்கட் கொட்டின கையை நக்கியது. அடப்பாவி, நீயுமா என்று நினைத்தேன். உன்னைத் தேடி வந்தவள் நான்தானே. அப்பா கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார், அதன் தலைக்கு மேல் அந்தரத்தில் நின்றது அவர் கை. அப்புறம் என்னிடம் சொன்னார். "வாம்மா. எல்லாரும் வந்து உக்காந்துருக்காவ. இதயும் கூட்டிட்டே போயிருவோம். கல்யாணம் வரைக்கும் இது நம்மகிட்டயே இருக்கட்டும். நான் பேசிக்கிடுதேன்." அவர் முகத்தில் ஒரு நம்பிக்கை வந்தது, எனக்குப் பிடித்ததைக் கண்டுபிடித்துவிட்ட மாதிரி. "அதக் கூப்பிட்டா வரும்ப்பா" என்றேன். "என்ன செஞ்சாலும் வரும். நான் நாய் இல்லப்பா."

அவர் போன் அடித்தது. அம்மா. அடித்து நின்று மறுபடி அடித்தது. "எடுங்க" என்றேன். "நான் சொன்னா அம்மாவே நம்ப மாட்டா. நீங்க பாத்தத நீங்க சொல்லுங்க." கருப்பட்டி அவர் காலடியில் உட்கார்ந்து அவரையே அண்ணாந்து பார்த்தது. எடுத்தார். "செல்வக்கனி, நான் சொல்லுதத கேளு. அவ்வொ முன்னால போன ஸ்பீக்கர்ல போடு. ஆமா, எல்லாருக்கும் கேக்கட்டும்." மூச்சு வாங்கினார். "ஒங்க மவன் எம்புள்ள கைய முறுக்குனான். நான் என் கண்ணால பாத்தேன். நாய் சும்மா கடிக்கல. நீங்க தட்ட எடுத்துட்டுப் போயிருங்க." அந்தப் பக்கம் பல குரல்கள் ஒன்றாகக் கேட்டன, அம்மாவின் குரல் கேட்டது, அவர் அணைத்துவிட்டார். நிச்சயதார்த்தம் அப்படி நின்றது. நான் கேட்க நினைத்த வார்த்தைகள்தான் எல்லாம், ஒன்று பாக்கியில்லாமல் சொன்னார். ஒன்றும் ஆகவில்லை எனக்குள். அன்றைக்கு அந்தப் படியில் இறங்கிவந்து இதில் பாதியைச் சொல்லியிருந்தால், நான் இந்த மனுஷனை சாகிறவரை தூக்கி வைத்துக் கொண்டாடியிருப்பேன். அவர் உப்பு மூட்டையில் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கருப்பட்டி அவர் முட்டியில் தாடையை வைத்துக்கொண்டது.

நான் ஸ்கூட்டரை எடுத்தேன். எங்கே போவது என்று முடிவு செய்யவில்லை, லேப் பக்கத்து ஹாஸ்டலில் மாலதி இருக்கிறாள், முதலில் கால்நடை ஆஸ்பத்திரி, இதன் பாதத்துக்கு மருந்து போட வேண்டும். "கருப்பட்டி" என்று கூப்பிட்டேன். அது அப்பாவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, நொண்டிக்கொண்டு வந்து ஏறியது. அப்பா துண்டை விலக்கிப் பார்த்தார். அவரை நான் கூப்பிடவில்லை.